மாலை போட ஒரு போட்டோ

சீரியலில் நடிக்கிற பெண்ணிடம் ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள் வந்து, "அக்கா, நல்லா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்க" என்று கேட்டால், அவள் வேறு வேலை தேட ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். அவள் பாத்திரத்தைச் சாகடிக்கப் போகிறார்கள். போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி ஹாலில் மாட்டிவிட்டால் அதோடு சரி. இரட்டைப் பிறவி என்று திரும்பி வருகிற பாக்கியமெல்லாம் கதாநாயகிக்கு மட்டும்தான். அண்ணி வேஷத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

பூவரசன் வந்து கேட்டபோது, வேணி ஸ்ரீரங்கத்து ஷூட்டிங் வீட்டின் கிணற்றடியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் கையில் அப்படியே நின்றது.

"யாரு கேட்டாங்க?"

"மேனேஜர் சார்தாங்க்கா. உங்களது ஒண்ணு, தேவதர்ஷினி பாப்பாவோடது ஒண்ணு." பூவரசன் அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்களும் சொன்ன வேலையைச் செய்துதானே ஆகவேண்டும்?

வேணிக்கு இந்தப் பெரியண்ணி வேஷம் சும்மா கிடைத்ததல்ல. உப்பிலியபுரத்திலிருந்து சென்னைக்குப் போய், கல்யாணக் காட்சியில் தாம்பாளம் தூக்குகிறவளாக, ஆஸ்பத்திரிக் காட்சியில் நர்ஸாக, ஒரு வரி வசனம்கூட இல்லாமல் வயசைத் தொலைத்தவள். முப்பது தாண்டியதும் "அம்மா வேஷம் வந்தா சொல்றோம்" என்றார்கள். அவளைவிட மூத்த கதாநாயகன் அப்போது காலேஜ் பையனாகப் பாடிக்கொண்டிருந்தான். திருச்சியிலேயே எடுக்கிற சீரியல் என்று இது வந்ததும், எடமலைப்பட்டி புதூரில் வீடு பிடித்து அம்மாவையும் கூட்டி வந்துவிட்டாள். இப்போது காந்தி மார்க்கெட்டில் அவளைப் பார்த்தால் "பெரியண்ணி வந்திருக்காங்க" என்று கறிவேப்பிலையைக் கொத்தாக அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக அவள் எதையும் செய்வாள். அவளுக்கே அது தெரியும், அதுதான் பயம்.

தேவதர்ஷினி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்கு ஒர்க்ஷாப்பில் வேலை. சீரியலில் கடைசி நாத்தனார் வேஷம். போன வாரம் ஒரு மத்தியானம், வேணி மாடிப்படி ஏறும்போது மேக்கப் ரூம் உள்ளே தாழ் போட்டிருந்தது. "விடுங்க சார், விடுங்க" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. வேணி இரண்டு கையாலும் கதவை இடித்தாள். மேனேஜர் ரெங்கராஜ் கதவைத் திறந்து, "டயலாக் சொல்லிக் கொடுத்திட்டிருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். உள்ளே தேவதர்ஷினி மூலையில் நின்றுகொண்டிருந்தாள். ஜாக்கெட் கை கிழிந்திருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். சேனலுக்குப் புகார் அனுப்பினாள். நேரில் பார்த்தது வேணி அக்கா என்றும் சொல்லியிருந்தாள். சேனலில் அதை விசாரிக்கிற அனுசுயா மேடம் நாளைக் காலையில் வேணியோடு ஃபோனில் பேசுவதாக ஏற்பாடு.

சாயங்காலம் சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு சட்டமும் வந்துவிட்டிருந்தன. ஒன்றில் அவள் சிரித்தாள், ஒன்றில் தேவதர்ஷினி. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு சந்தன மாலை. பின்னாலிருந்து ஜவ்வாது வாசனை வந்தது. திரும்பாமலேயே ஆள் யாரென்று தெரிந்தது.

"பார்த்தீங்களா வேணிம்மா?" ரெங்கராஜ் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். "கதையில ஒரு சாவு வேணும்னு சேனல்ல சொல்லிட்டாங்க. உங்களையா, அந்தப் பொண்ணையான்னு டைரக்டர் குழம்பிட்டிருக்காரு. நான்தான் ரெண்டையும் ரெடி பண்ணி வைன்னேன்."

"எப்ப முடிவாகும் சார்?"

"நாளைக்குக் காலையில உங்களுக்கு ஏதோ ஃபோன் வருமாமே. அது முடியட்டும்." போகிறவர் வாசலில் நின்றார். "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பகல்ல வீட்டுல தனியாத்தானே இருக்காங்க? பார்த்துக்குங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அம்மாவின் முட்டிவலியைப் பற்றி வேணி ஷூட்டிங் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

புறப்படும்போது தேவதர்ஷினி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பார்த்ததை மட்டும் சொன்னாப் போதும்க்கா. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன்மா" என்றாள் வேணி. சொல்லும்போது அதை உண்மையாகவே நினைத்தாள்.

மறுநாள் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஃபோன் வந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. அனுசுயா மேடத்தின் குரல் கனிவாக இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பயப்படாம சொல்லுங்க. அன்னைக்குக் கதவு சாத்தியிருந்துச்சா?"

தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. பஸ்ஸில் ஓர் அம்மாள் வேணியை அடையாளம் கண்டுகொண்டு, மகளிடம் "பெரியண்ணிடீ" என்று கிசுகிசுத்தாள். வேணி அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஃபோனில் சொன்னாள்.

"இல்லைங்க மேடம். திறந்துதான் இருந்துச்சு. சார் டயலாக் சொல்லிக் கொடுத்திட்டிருந்தாரு."

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. ஆனால் பாலம் முடிவதற்குள் அந்த எண்ணத்துக்கு ஒரு சமாதானமும் வந்துவிட்டது. சின்னப் பெண், அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம், வேறு சீரியல் கிடைக்காமலா போய்விடும்?

அன்றைக்கே சாவுக் காட்சி. தேவதர்ஷினியை ஹாலில் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டினார்கள். வேணி அவள் மேல் விழுந்து கதறினாள். கிளிசரின் தேவைப்படவில்லை. டைரக்டர் கைதட்டி, "பின்னிட்டீங்க மேடம்" என்றார்.

பிணமாக நடித்தவர்களைச் சும்மா எழுப்பக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கேமரா ஓடும்போதே அவர்கள் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுத்து முடித்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தால்தான் தோஷம் கழியும். சாமி இல்லை என்று பேசுகிற டைரக்டர்கூட இதைத் தவறவிட்டதில்லை. கேமராமேன் காத்திருந்தார்.

"அதெல்லாம் வேணாம், லைட் போகுது. பேக்கப்" என்றார் ரெங்கராஜ்.

கேமராமேன் வாய்க்குள் ஏதோ முனகியபடி கேமராவை அணைத்தார். ஒவ்வொரு விளக்காக அணைந்தது. தேவதர்ஷினி கண்ணை மூடியபடியே படுத்திருந்தாள், யாராவது சிரிக்கச் சொல்வார்கள் என்று. கடைசியில் வேணிதான் குனிந்து பஞ்சை எடுத்தாள்.

"சிரிப்பு ஷாட் எடுக்கலையாக்கா?"

"இல்லைம்மா."

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து நெற்றிக் காசைப் பிய்த்தாள். "காலையில என்ன சொன்னீங்க?"

வேணி கையிலிருந்த பஞ்சைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதுவே பதிலாகிவிட்டது. தேவதர்ஷினி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் ஒரு தடவை திரும்பினாள்.

"அன்னைக்கு நீங்க கதவை இடிச்சப்ப, பிழைச்சிட்டேன்னு நினைச்சேன்க்கா."

ஆட்டோ போய்விட்டது. சாமான் வண்டியும் கிளம்பியது. ஹாலில் பூவரசன் மட்டும் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தேவதர்ஷினியின் படத்தை மாட்டி, மாலையைச் சாத்தினான். பிறகு ஒரு முழம் தள்ளி இன்னொரு ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"அது எதுக்கு?"

"சார்தான் சொன்னாருக்கா. இப்பவே ரெண்டா அடிச்சு வச்சிடு, அப்புறம் சுவத்தைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு." அவன் வேணியின் படத்தைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றினான். "இதையும் பத்திரமா வைக்கச் சொல்லியிருக்காரு. வரேங்க்கா."

அவன் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. வேணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலைப் பார்த்து நடந்தாள். அப்போதுதான் மாடி மேக்கப் ரூமிலிருந்து அந்தத் தணிந்த குரல் வந்தது.

"வேணிம்மா, கிளம்பிட்டீங்களா? கொஞ்சம் மேல வாங்க. நாளைக்கு சீனுக்கு டயலாக் இருக்கு. சொல்லிக் கொடுக்கிறேன்."

வேணி நின்றாள். சுவரில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆணி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு வேணி முதல் படியில் கால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் படியேறி வந்து கதவை இடிக்க அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.