நாலும் இழுக்கிற வண்டி

அந்தக் கூட்டத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. டயர் கடை வைத்திருப்பவர் டயர். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் பேங்க். செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவர் பல்செட். பல்செட்டின் மனைவிக்கு ஒரு தம்பி, வாட்டர் ஃபில்டர் விற்கிறவன். வாயைத் திறந்தால் மூட ஆள் வைக்க வேண்டும் என்பதால் அவன் மைக். இன்னும் ஏழெட்டுப் பேர் வருவார்கள், போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டயர் கடையின் பின்பக்கத்து முற்றத்தில் கூடிக் காரைப் பற்றிப் பேசுவார்கள். அதிலும் ஒரே ஒரு கம்பெனியின் காரைப் பற்றி மட்டும்தான். அதைக் ‘கம்பெனி’ என்றுதான் சொல்வார்கள், உலகத்தில் வேறு கம்பெனியே இல்லாதது மாதிரி.

கம்பெனி வேகனுக்குப் பேர் போனது. முதுகு நீளமாக, வயிறு தரையோடு தாழ்ந்து, பின்னால் ஒரு பீரோவையே படுக்க வைக்கலாம் போன்ற கார். சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரத்தை இழுக்கும், மற்ற இரண்டும் விருந்தாளி மாதிரி கூட உருண்டு வரும். கம்பெனி வேகனிலோ அடியில் ஒரு நீண்ட ஷாஃப்ட் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். நாலு சக்கரமும் இழுக்கும். அந்த ஷாஃப்ட்டில்தான் இவர்களுடைய மானம் மரியாதை எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது.

அதனால் அங்கே ஒரு வழக்கம். யார் புது வண்டி கொண்டுவந்தாலும் முதலில் பெயிண்டைப் பார்க்கக் கூடாது, உள்ளே ஏறி உட்காரவும் கூடாது. எல்லாரும் தரையில் படுத்து வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் இருந்தால் எழுந்து கை குலுக்குவார்கள். இல்லாவிட்டால் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மழை வெயில் பற்றிப் பேசுவார்கள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அங்கே இல்லை. இந்தப் படுத்துப் பார்க்கும் சடங்குக்கு அவர்கள் வைத்த பெயர், காலில் விழுவது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் இந்த முற்றத்துக்கே வந்தார். உங்களுக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், மைக் எழுந்தான். உயரமான வண்டிகளைக் கிழி கிழியென்று கிழித்தான். ஏணி போட்டு ஏறுகிற காரெல்லாம் ஒரு காரா என்றான். வளைவில் திரும்பினால் வண்டி ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் போகிறது என்றான். “தாழ்வா ஒரு வேகன் குடுங்க. நாலும் இழுக்கணும். குடுத்துப் பாருங்க, நாங்க அத்தனை பேரும் ஷோரூம் வாசல்ல வந்து நிக்கிறோம்” என்றான். எல்லாரும் கை தூக்கினார்கள். பல்செட்டும் தூக்கினார். வித்தியாசம் என்னவென்றால், அவர் கை தூக்கினால் தூக்கியதுதான்.

கம்பெனியும் புது வேகனைக் கொண்டுவந்தது. பல்செட் போய் வாங்கினார். வாங்குமுன் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. அவர் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். குனிந்து, மடங்கி, தாழ்ந்த வண்டிக்குள் போவது அவளுக்குத் தண்டனை. கொஞ்சம் உயரமான வண்டியாக எடுங்களேன் என்று எத்தனையோ தரம் சொன்னாள். “உன் தம்பியே சொல்றான், வேகன்தான் வண்டின்னு. அவனுக்குத் தெரியாததா?” என்று அவர் வாயை அடைத்துவிட்டார். தம்பியைச் சொன்னதும் அவளும் அடங்கிப்போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இறங்கி உட்காருவாள். அவர் அந்த நேரத்தில் கண்ணாடியைச் சரி செய்வது போல வேறு பக்கம் பார்ப்பார்.

மைக்கும் அதே வேகனை புக் செய்திருப்பதாகத்தான் சொன்னான். கேட்கும்போதெல்லாம், “வருது மாமா, வந்துட்டே இருக்கு” என்பான். ஒரு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. மற்றவர்களுக்கோ ஆளுக்கொரு காரணம். ஒருவருக்கு நிறம் பிடிக்கவில்லை, ஒருவருக்கு மகள் கல்யாணம். பேங்க் மட்டும் உள்ளதைச் சொன்னார்: “நான் பழசா வந்தா எடுப்பேன். புதுசு யாராவது வாங்கினாத்தானே பழசாகும்.” சொல்லிவிட்டு பல்செட்டின் வேகனை அன்போடு தடவிக் கொடுத்தார்.

போன மாதம் கம்பெனி கையை விரித்துவிட்டது. வேகன் இனி கிடையாது. உயரமான வண்டிதான். அதிலும் சாதா மாடலில் முன் சக்கரம் மட்டும் இழுக்கும், நாலும் இழுக்க வேண்டுமென்றால் உச்சாணியில் இருக்கிற மாடலுக்குப் போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் இழவு வீட்டுக் களை. மைக் பேசிய பேச்சில் பேங்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்பின நம்மளையே முதுகுல குத்திட்டாங்க மாமா” என்று மைக் பல்செட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பல்செட்டுக்கு, உடன் நின்று ஏமாறுவதற்கு ஒரு மச்சானாவது இருக்கிறானே என்று மனசு ஆறிற்று. அந்த ஆறுதல் அவருக்கு ரொம்பத் தேவைப்பட்டது, ஏனென்றால் தான் ஒருத்தன் மட்டும்தான் முட்டாளோ என்ற சந்தேகம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வாரமே இன்னொரு வருத்தம். ஒரு ஃபிரிட்ஜ் ஏற்ற வேண்டும் என்று மைக் அவருடைய வேகனை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போனான். திருப்பித் தரும்போது பின்கதவில் இருந்த ஏ.டபிள்யூ.டி. என்ற பேட்ஜ் இல்லை. நாலும் இழுக்கும் என்பதற்கு அந்த மூன்று எழுத்துதான் அத்தாட்சி. “பார்க்கிங்ல எவனோ புடுங்கிட்டான் மாமா. மதிப்புத் தெரிஞ்ச திருடன்” என்றான். பல்செட் பேட்ஜுக்காக மட்டும் வருத்தப்படவில்லை. முன்பு வீட்டு கேட்டில் இடித்து டபிள்யூவின் கடைசிக் கால் உடைந்தபோது, லேபில் பல் செய்யும் பிசினைக் கொண்டு அவரே அந்தக் காலைக் கட்டி, ராவி, வெள்ளி வண்ணம் பூசியிருந்தார். கைப்பழக்கத்தில் அது லேசாகக் கோரைப்பல் மாதிரி வளைந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது.

இந்த ஞாயிறு மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றம் முழுக்கச் சேறு. மைக்கின் புது வண்டி சரிவில் இறங்கி வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உயரமான வண்டி. முன் சீட்டில் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் பல்செட்டின் மனைவி. முதல் சவாரிக்கு அக்காவைக் கூட்டி வந்திருந்தான்.

மைக் இறங்கும்போதே ஆரம்பித்தான். “என்ன பண்ணச் சொல்றீங்க? வேகனை நிறுத்திட்டான், என் புக்கிங்கை இதுக்கு மாத்திட்டான். ஆனா கொள்கையை விடல. இதுலயும் நாலும் இழுக்கும்.” பின்கதவைக் காட்டினான். ஏ.டபிள்யூ.டி. பளபளத்தது.

“சரி, காலில விழுவோம்” என்றார் பேங்க். சேற்றைப் பார்த்தார், தன் வேட்டியைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

“ஒருத்தர் விழுந்தாப் போதும்” என்றார் டயர். “பல்செட் பாத்துச் சொல்லட்டும். அவர் பாத்தா நாம எல்லாரும் பாத்த மாதிரி.”

அது உண்மை. கடைவாய்ப் பல் அரை மயிரிழை உயர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். பொய் சொல்லத் தெரியாத வாய். பல்செட் ஒரு பழைய சாக்கை விரித்துப் படுத்தார். சாக்குக்கு மேலும் சேறு ஏறி சட்டையை நனைத்தது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

ஷாஃப்ட் இல்லை. பின் சக்கர அச்சின் நடுவே, ஷாஃப்ட் வந்து சேரும் இரும்பு உருண்டை தொங்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

சேற்றில் யாரும் படுக்க மாட்டார்கள் என்றுதான் மைக் மழை நாளாகப் பார்த்து வந்திருக்கிறான் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. அந்தப் பக்கம் மைக் குனிந்து உட்கார்ந்தான். வண்டிக்கு அடியில் இரண்டு முகமும் நேருக்கு நேர். மைக் கண்ணால் கெஞ்சினான். வாயே மூடாதவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்ததும் பல்செட்டுக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டியின் தம்பி. அவளும் மேலே உட்கார்ந்திருக்கிறாள்.

“என்ன, இருக்கா?” என்று டயர் கேட்டார்.

“இருக்கு” என்றார் பல்செட்.

மேலே கைதட்டல். மைக்கின் முதுகில் யாரோ தட்டும் சத்தம். பல்செட் எழுந்திருக்கப் பின்கதவைப் பிடித்தார். பிடித்த கை பேட்ஜின் மேல் பட்டது. கட்டைவிரல் டபிள்யூவின் கடைசிக் காலைத் தடவியது. கோரைப்பல்.

அவர் அப்படியே நின்றார். கம்பெனி ஏமாற்றியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. கம்பெனி யாரோ எவரோ. இவன் தன் வீட்டுச் சோற்றைத் தின்று, தன் வண்டியை இரவல் வாங்கி, அதன் நெற்றிப் பொட்டை அழித்துக் கொண்டுபோய்த் தன் வண்டிக்கு வைத்திருக்கிறான். கடையில் பேட்ஜ் வாங்கப் போனால் எந்த வண்டிக்கு என்று கேட்பார்களே, அதற்குப் பயந்துதான் இந்தத் திருட்டு. போதாததற்கு, தன் வாயாலேயே இருக்கு என்றும் சொல்ல வைத்துவிட்டான்.

“மச்சான்” என்றார் மெதுவாக. “இந்தப் பல்லு நான் கட்டினது.”

மைக் முகம் வெளுத்தது. “வீட்ல பேசிக்கலாம் மாமா” என்று முணுமுணுத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டான். சாலைக்கு ஏறும் மண் சரிவில் பாதி தூரம் போனான். அதற்குமேல் வண்டி போகவில்லை. முன் சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றின. பின் சக்கரம் இரண்டும் எனக்கென்ன என்று சும்மா நின்றன.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மைக்கைப் பார்க்கவில்லை, பல்செட்டைப் பார்த்தார்கள்.

“இருக்குன்னு சொன்னீங்களே?” என்றார் டயர்.

மைக் ஜன்னலில் தலையை நீட்டினான். “அதானே. மாமா, நீங்க நல்லாப் பாத்தீங்கல்ல? நீங்க சொன்னதை நம்பித்தானே ஏத்தினேன். ஷோரூம்காரன் என் தலையில மொளகா அரைச்சிட்டான் போல.”

பல்செட் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், பல் அச்சு மெழுகைச் செதுக்கும் கத்தியை எடுத்தார். சரிவில் ஏறி, பேட்ஜின் அடியில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார். ஒட்டு நாடாவோடு உரிந்து வந்தது.

“இது என் வண்டியோடது” என்றார் எல்லாருக்கும் கேட்க. “இந்தக் காலை நான்தான் கட்டினேன். வேணும்னா தொட்டுப் பாருங்க.”

யாரும் தொடவில்லை. “அப்போ ஷாஃப்ட்?” என்று கேட்டார் பேங்க்.

“இல்ல. இல்லைன்னு பாத்துட்டுத்தான் இருக்குன்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுத் தன் வேகனை எடுத்தார். வேகன் புல் ஓரமாக, நாலு சக்கரமும் ஒருசேரக் கவ்வ, மைக்கின் வண்டியைத் தாண்டி ஏறிப் போய் மேலே நின்றது. யாரும் கைதட்டவில்லை. இழுவைக் கயிற்றை எடுத்து வந்து மைக்கின் வண்டியின் மூக்கில் மாட்டக் குனிந்தார். மனைவி ஜன்னலை இறக்கினாள்.

“உனக்குத் தெரியுமா?” என்றார், நிமிராமலே.

“பேட்ஜ் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. சத்தியமா” என்றாள். “வண்டி தெரியும். உசரமா எடுடான்னு நான்தான் சொன்னேன். அவனாவது கேட்டான். நம்ம வீட்ல யாரு கேட்டா?”

அவர் கயிற்றை மாட்டிவிட்டு வேகனுக்குத் திரும்பினார். அவள் இறங்கவில்லை. அக்கா தம்பி இருவரையும் சேர்த்து வேகன் மேலே இழுத்துக்கொண்டு வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் மைக் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பல்செட் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கூட்டம் அங்கேயே நின்றது. வழக்கமாக இந்த நேரத்தில் யாராவது அவர் வேகனைத் தட்டிக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்வார்கள். அவர் டயரின் முகத்தைப் பார்த்தார், பேங்கின் முகத்தைப் பார்த்தார். கையில் பேட்ஜ் இருந்தது.

பேங்க் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் திரும்ப மழை பிடிச்சுக்கும்போல” என்றார்.