அண்ணன் நிறுத்திய சத்தம்

அண்ணன் அந்தக் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் காலருகே துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முதலில் எதிர்வீட்டு டீச்சரிடம், பிறகு அண்ணியின் தம்பியிடம், இப்போது மாமாவிடம். ஒவ்வொரு முறையும் கதை ஒரு முழம் நீண்டிருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை வந்தேன் பாருங்க மாமா, கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு சத்தம். தூங்கிட்டிருந்த அம்மா திடுக்குன்னு அசையறாங்க. உடனே உக்காந்து அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. இத்தனை நாளா யாருக்கும் தோணல."

பெரியவன் பெரியவன்தான் என்றார் மாமா. 'யாருக்கும்' என்றபோது அண்ணனின் பார்வை ஒரு நடை அவள் பக்கம் வந்து போனது. துணியின் ஓரத்தைத் தேவைக்கு மேல் அழுத்திச் செருகினாள்.

யாருக்கும் தோன்றவில்லையாம்.

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறவள் அவள். காலை எட்டிலிருந்து ஒன்றுவரை காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். இடையில் பத்து மணிக்கு அம்மாவுக்கு டீ. அம்மா படுத்திருந்தது அடுத்த அறையில். பார்வை போய் இரண்டு வருடம், நடமாட்டம் போய் ஏழு மாதம். எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது ஸ்பீக்கரில் நாலு சுரம் வரும். உடனே, "உக்காந்துட்டியா" என்று அம்மாவின் குரல் வரும். "உக்காந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ஹெட்ஃபோனை மாட்டுவாள். அதன்பிறகு அம்மா கூப்பிட மாட்டாள். வெறும் வாய்ச்சொல்லை அம்மா நம்புவதில்லை. 'இதோ இருக்கேன்' என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போகிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவள். அந்தச் சத்தம் வந்தால்தான் கணக்கு. வேலை தொடங்கிவிட்டது, இனி இவள் வீட்டைவிட்டு நகரமாட்டாள்.

அண்ணன் நல்லது செய்துவிட்டுப் போன மறுநாள், திங்கட்கிழமை, அவள் டீயோடு போனபோது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "எங்கடி போயிட்டே. எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா" என்றாள்.

அவளே மாற்றிவிடலாமென்று செட்டிங்ஸைத் திறந்தாள். ஒலிகள் என்ற பகுதியில், தொடங்கும்போது ஒலி எழுப்பவா என்று ஒரு சின்னக் கட்டம். டிக் போடப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. போகிற போக்கில், பாதுகாப்புக்கு என்று, அண்ணன் செட்டிங்ஸுக்குத் தன் பெயரில் ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் சம்பாதித்து வாங்கிய கம்ப்யூட்டருக்கு. அன்றே போன் செய்தாள். "அது என்ன பாட்டுக் கச்சேரியா? அவங்க நிம்மதியாத் தூங்கட்டும், விடு" என்றான். சத்தம் எதற்கென்று அவள் சொல்லத் தொடங்கியபோது, மீட்டிங் என்று வைத்துவிட்டான். செவ்வாய் ஒரு முறை, புதன் இரண்டு முறை, அதே மீட்டிங். வியாழக்கிழமை எடுக்கவே இல்லை.

செவ்வாயிலிருந்து மூன்று நாளும் அவள் காலையில் அம்மாவின் கையைப் பிடித்து, "இங்கதாம்மா இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இன்று, வெள்ளிக்கிழமையும், சொன்னாள். பத்து மணிக்கு டீயோடு போனபோது அம்மாவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு அண்ணன் அவளை உள்ளே கூப்பிட்டான். இறப்பைப் பதிய ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். நீதான் வேகமாக அடிப்பாய் என்றான். அவள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அது ஊமையாக எழுந்தது. செட்டிங்ஸில் அந்தச் சின்னக் கட்டத்துக்குப் போனாள்.

"பாஸ்வேர்டைப் போடு" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"போடு."

அவன் குனிந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையால் அடித்தான். அவள் டிக் போட்டாள். அணைத்து மறுபடி போட்டாள். நாலு சுரம் வீடு முழுக்கக் கேட்டது. கூடத்தில் பேச்சு நின்றது. மாமா வாசற்படியில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

"உனக்கென்ன பைத்தியமா? இப்படி ஒரு வேளையில" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"இது கேட்டாத்தான் நான் வீட்ல இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியும்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அஞ்சு நாளா அவங்களுக்குத் தெரியல."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"அஞ்சு தடவை போன் பண்ணேன்."

அவன் படிவத்தைத் திறக்கச் சொன்னான். பெயர் அடித்தாள். வயது அடித்தாள். அடுத்த கட்டம், இறந்த நேரம்.

"பத்து மணின்னு போடு."

"பத்து மணிக்கு நான் பார்த்தேன். அவ்வளவுதான்."

"எட்டோ ஒம்பதோ, ஏதோ ஒண்ணு போடேன். யார் வந்து கேக்கப் போறாங்க?"

அவள் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "நீயே போடு."

கூடத்துக்கு வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் முடிந்ததா என்று மாமா மெதுவாகக் கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு எழுத்து விழும் ஒலி, கொஞ்சம் பொறுத்து அதை அழிக்கும் ஒலி. இன்னொன்று, அதுவும் அழிந்தது. பிறகு வெகுநேரம் அந்த அறையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.