கதவு மூடிய பிறகுதான் வேலை

1

இந்தக் கதை லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கிடைத்தது. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் வருகிற வேகத்துக்கு ஒரு நாவலே கிடைத்திருக்க வேண்டும், சிறுகதையோடு தப்பித்தீர்கள். சொன்னவர் மேல்வீட்டுக்காரர். அவர் மனைவி விமானப் பணியாளர்களில் மூத்தவள். எனக்கோ விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், ஜன்னலோரம் கேட்டால் கிடைக்காது என்பது மட்டும்தான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

விடியலின் பொன்னிற மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்

வேண்டாம். இந்தக் கதையில் விமானம் கிளம்பவே கிளம்பாது. கதையே அதுதான்.

2

கதாநாயகியை முதலில் வீராங்கனையாக எழுதினேன். மேசைமேல் ஏறி முஷ்டியை உயர்த்தினாள். மேல்வீட்டுக்காரர் படித்துவிட்டு, “யாருங்க இது? என் பொண்டாட்டி டாக்ஸிக்காரர் அதிகமா கேட்டாலும் கொடுத்துட்டு, தேங்க்ஸும் சொல்லிட்டு வர்றவ,” என்றார். மேசையிலிருந்து இறக்கிவிட்டேன்.

அவளை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் பெரிய விமானி உட்பட. அவள் வேலையில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. விமானத்தின் கதவு மூடினால்தான் சம்பளம் ஓடத் தொடங்கும். இறங்கிக் கதவு திறந்ததும் நின்றுவிடும். வாசலில் நின்று வரவேற்பது, பெட்டியைத் தூக்கி மேலே திணிப்பது, “இது என் சீட்டு” என்று இருவர் மல்லுக்கட்டினால் விலக்கிவிடுவது எல்லாம் கதவு மூடும் முன் நடப்பவை. எல்லாம் இனாம்.

(நானும் முதல் வரிக்கு முன்னால் அடித்துப்போட்ட பக்கங்களுக்கு யாரிடமாவது கேட்கலாம் என்று பார்க்கிறேன். ஆள் அகப்படவில்லை.)

இத்தனை வருடம் இது புருஷனுக்கே தெரியாது. பணியாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்ல வெட்கமா இருந்துச்சுங்க. சும்மா செய்றோம்னு எப்படிச் சொல்றது?”

அவர் வேலைபார்த்த கம்பெனி மூடிப்போய் அவர் வீட்டில் இருக்கிறார். குடும்பம் ஓடுவது அவள் சம்பளத்தில். ஆகவே வாசகரே, இந்தக் கதையில் போனால் போவது அவள் வேலை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

வில்லன் ஒருவன் வேண்டும் அல்லவா? செலவுக் குறைப்பு மேலாளர் இருந்தார். பட்டப்பெயர் கத்தரி. அவருக்கு ஒரு கொடூர மீசை வைத்தேன்; பொருந்தவில்லை, மழித்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னதில் பொய் இல்லை. எரிபொருள் விலை ஏறிவிட்டது, விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை, போட்டிக் கம்பெனி பஸ் கட்டணத்துக்கு டிக்கெட் விற்கிறது. போர்வையைக் குறைத்தார், பத்திரிகையைக் குறைத்தார், தண்ணீர்க் கோப்பையைச் சின்னதாக்கினார். பிறகு குறைக்க மனிதர்கள்தான் மிஞ்சினார்கள். ஒவ்வொரு விமானத்திலும் நால்வரில் ஒருவரை வெட்டினார். அந்த நாலாம் ஆளின் வேலையும் மற்ற மூவர் தலையில் விழுந்தது, அதுவும் கதவு மூடும் முன்னால்.

கதவு மூடும் முன் செய்கிற வேலைக்கும் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனது. அதன் வக்கீல் கம்பீரமாக வாதாடினார்: “கதவு மூடிய பிறகுதான் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் அவர்கள் வெறுமனே நிற்கிறார்கள்.” தீர்ப்பாயமும் உடனே வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டது.

தீர்ப்பாயத்துக்கு வெளியே நடைபாதையில் பணியாளர்கள் எல்லோரும் தொங்கிய முகத்தோடு நின்றார்கள். அவர்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் அழுதே விட்டாள். அக்கா அவளுக்குக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள்:

“அப்ப போய் வெறுமனே நிப்போம்.”

4

மறுநாள் காலை மூவரும் சீருடையில், கொண்டை கலையாமல் விமானத்தில் நின்றார்கள். பாதுகாப்புச் சோதனைகளை ஒன்று விடாமல் செய்தார்கள். உயிர் விஷயத்தில் விளையாட்டு கிடையாது. பயணிகள் ஏறத் தொடங்கியதும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கூத்தை நான்

(நான்கு முறை எழுதிக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.)

பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். பெட்டிகள் நடைவழியில் படுத்துக்கொண்டன. ஒரு பெரியவர் தாமாகவே பொறுப்பேற்று எல்லோரையும் தவறான இருக்கைக்கு அனுப்பினார். எல்லோரும் உட்கார்ந்தால்தான் கதவை மூடலாம். கதவை மூடினால்தான் அவர்களை உட்காரவைக்க ஆள் உண்டு. கம்பெனி தன் விதியிலேயே தன் காலைக் கட்டிக்கொண்டது.

கத்தரி ஓடி வந்தார். அக்காவிடம் குனிந்து, “இது கிளம்பலேன்னா முதல் வேலைநீக்கம் உங்களுக்குத்தாம்மா. மேலேயே முடிவு பண்ணிட்டாங்க,” என்றார்.

அக்கா வீட்டை நினைத்துக்கொண்டாள். வீட்டில் புருஷன் டீ போட்டுக்கொண்டிருப்பார். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக ஒரு தாய் எதிரே தடுமாறினாள். அக்காவின் கை தன்னால் நீண்டது. பையை விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டது.

“பார்த்தீங்களா, வேலை செய்றீங்க,” என்றார் கத்தரி.

“இல்ல சார், வெறுமனே நிக்கிறேன். கையில குழந்தை இருக்கு, அவ்வளவுதான். நீங்க கதவை மூடிடுங்க, மூடுன நிமிஷம் நான் உங்க ஆளு.”

5

இங்கே முடிவுகள் மூன்று எழுதினேன். (அ) அக்கா மனமிளகிப் பெட்டிகளைத் தூக்குகிறாள். (ஆ) காவலர்கள் வந்து அவளை இறக்கிவிடுகிறார்கள். தோல்வியில் முடித்தால் இலக்கியத் தரம் கூடும் என்றார் ஒரு நண்பர். கூடட்டும், ஜெயித்தவளைத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே (இ), நடந்தது:

கத்தரி கோட்டைக் கழற்றினார். தானே பெட்டிகளைத் தூக்கினார். ஒன்று அவர் காலில் விழுந்தது. இருக்கைச் சண்டையை விலக்கப் போய் இரு தரப்பிடமும் திட்டு வாங்கினார். தண்ணீர் கேட்டார்கள், கழிவறை கேட்டார்கள், விமானம் ஏன் தாமதம் என்று அவரையே கேட்டார்கள். பாதி வரிசை முடியுமுன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போன் அடித்தது. தலைமை அலுவலகம். அவர் நடைவழியில், யாரோ ஒருவரின் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்து, விமானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“சார்… இது வேலைதான் சார்.”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். பெரியவர் எழுந்து நின்று தட்டினார், அவரும் தவறான இருக்கையிலிருந்துதான்.

மற்ற விமானங்களிலும் அன்று மூன்று மூன்று பேராக வெறுமனே நின்றார்கள். வாரம் முடிவதற்குள் கம்பெனி இறங்கி வந்தது. விமானத்துக்குள் கால் வைத்த கணத்திலிருந்து சம்பளம். நாலாம் ஆளும் திரும்ப வந்தார். அக்காவை வேலையைவிட்டு நீக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. மேல்வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது லிஃப்ட் வந்து, திறந்து, காத்திருந்து, எங்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

6

கடைசி வரி மட்டும் என்னிடம் இல்லை. கொஞ்சம்தான் எழுத முடிகிறது:

ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் விமானம். அக்கா வாசலில் நிற்கிறாள். ஆயிரமாயிரம் முறை இனாமாகச் சொன்ன அதே “வணக்கம், வாங்க”, இன்றைக்குச் சம்பளத்தோடு. அவளோ கொண்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருக்கிறாள். சின்னப் பெண் முதுகில் தட்டி, “சொல்லுக்கா,” என்கிறாள். முதல் பயணி போனைப் பார்த்துக்கொண்டே படியேறி வருகிறார்.

அது நீங்கள்தான். வேறு யாரையும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவள் நிமிர்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, வணக்கம் சொல்லிவிட்டாள். இனி எழுதவேண்டியது உங்கள் பதில். போனைக் கீழே இறக்குங்கள். வரிசை காத்திருக்கட்டும், அவசரமே இல்லை.