பதினொரு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு

எங்கள் துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் ஐந்து ஊர்களும் ஒரு கோளும் வருகின்றன. ஊர்களுக்கு வாரம் ஒரு முறை போவேன். கோளுக்கு மாதம் ஒரு முறை. கருக்கன்பட்டியில் பஸ் நின்றுவிடும். அங்கிருந்து மரவள்ளிக் காட்டுக்குள் இருபது நிமிடம் நடந்தால் கடைசி வரப்போடு பூமி முடிகிறது. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தால் கோள். சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மரம் இல்லை, தண்ணீர் இல்லை, மண் மட்டும் துரு நிறத்தில் இருக்கும்.

எனக்கு முன்பிருந்த செவிலியர் பதினாறு வருடமும் கர்ப்பிணிகள் பதிவேட்டில் கோளுக்கு நேராக ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருந்தார். நானும் ஆறு வருடம் அப்படியே எழுதினேன். அங்கே போகாமலும் எழுதியிருக்கலாம். ஆனால் போய், சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

போன ஆடி மாதம் அங்கே ஒரு மேடு கண்ணில் பட்டது. முந்தின மாதத்தைவிட அது ஒரு மயிரிழை உயர்ந்திருந்தது. இருபது வருடமாக வயிறு பார்த்துப் பழகிய கண் எனக்கு. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். ஏழு மாத வயிற்றின் வளைவு. பிறகு குழந்தையின் துடிப்பைக் கேட்கும் குழாயை மேட்டின் மேல் வைத்து, காதைப் பொருத்திக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு துடிப்பு கேட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகப் பதினொரு நிமிடம் கழித்து இன்னொன்று.

அதே வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பல வருடங்களாக ஒரு கர்ப்பம்கூடப் பதிவாகாத பகுதிகளை மாதக் கடைசியோடு பட்டியலிலிருந்து நீக்கப்போகிறார்கள். நீக்கிவிட்டால் அங்கே யாரும் போக மாட்டார்கள். ஏழாம் மாதத்தில் ஒரு உயிரைச் சுமந்துகொண்டு அது தனியாகக் கிடக்கும்.

பதிவு செய்ய டாக்டர் கையெழுத்து வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் ரிஸ்வானாவுக்கு என் மகள் வயதுதான். வாசல்வரை நோயாளிகள் வரிசை நின்றது.

“உங்க நாடித்துடிப்பே உங்களுக்குக் கேட்டிருக்கும்க்கா. எல்லாருக்கும் வர்ற தப்புதான்” என்றார்.

“என் நாடி எழுபத்தாறு மேடம். மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேதான் கேட்டேன்.”

“பதினொரு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா அது துடிப்பே இல்லையே?”

“நம்ம ஊர்ல இல்ல மேடம். அது வேற இடம்.”

அவர் பேனாவை மூடினார். “நான் கேக்காம கையெழுத்துப் போட முடியாது.”

“கேக்கத்தானே கூப்பிடறேன்.”

மாதத்தின் கடைசி நாள் மதியம் வந்தார். செருப்பை வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். நான் மேட்டைக் காட்டினேன். அவர் மண்டி போட்டு, குழாயில் காதை வைத்தார். ஒன்பதாவது நிமிடத்தில் தும்மல் வந்தது. அடக்கினார், அடக்கினார், கடைசியில் துடிப்பு வருகிற நேரத்தில் தும்மிவிட்டார். மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அவருடைய போன் அடித்தது. அதை என்னிடம் கொடுத்து, “அணைச்சு வைங்க” என்றார். நான்கு மணி பஸ் போகும் சத்தம் பூமியிலிருந்து கேட்டது. இனி ஆறரைக்குத்தான் பஸ். அவர் நிமிரவில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்தாலும் பத்தாவது நிமிடம் தாண்டியதும் கடிகாரம் ஓடுகிறதா என்று ஒரு முறை காதில் வைத்துப் பார்த்தேன்.

டாக்டரின் இடது கை மெதுவாக மண்ணை அழுத்திப் பிடித்தது. கேட்டுவிட்டது.

“இன்னொரு தடவை” என்றார்.

இன்னும் பதினொரு நிமிடம் இருந்தோம். பிறகு அவர் எழுந்து, மேட்டை இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் மேடம். தலை மேல இருக்கற மாதிரி தெரியுது.”

“திரும்பிடும். டைம் இருக்கு.”

அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். ரத்தசோகைக்கு அறிகுறி இல்லை. கணவர் பெயருக்கு நேராகக் கோடு போடச் சொன்னார். மேடு வளரும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் பிரசவத்துக்கு இன்னும் எட்டுக் கோடி வருடம் இருந்தது. வருடத்துக்குப் படிவத்தில் நான்கு கட்டங்கள்தான். எழுத்தைப் பொடியாக்கி எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டு, கீழே சீல் வைத்தார். அன்று மாலை ஐந்தே முக்காலுக்குக் கோள் எங்கள் பதிவேட்டில் ஏறியது.

நான் ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. எனக்குப் பிறகு வருகிறவருக்காகப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: ‘துடிப்பு கேட்காவிட்டால் உடனே எழுந்து வந்துவிட வேண்டாம்.’

ஐப்பசியில் அங்கன்வாடி மேற்பார்வையாளர் சமுதாய வளைகாப்புக்கு ஏழாம் மாதக் கர்ப்பிணிகளின் பெயர்களைக் கேட்டார். எங்கள் பகுதியில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஆறாவதாகக் கோளையும் எழுதி அனுப்பினேன். விட்டுவிடுவது முறையில்லை.

விழா அன்று நான் மண்டபத்துக்குப் போனபோது கோள் எல்லோருக்கும் முன்பே வந்திருந்தது. இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் சந்தனம் பூசினார். வளையல் இரண்டே பத்து சைஸில் சரியாக இருந்தது. சாப்பாட்டுக்கு ஐந்து வகைச் சாதம். சர்க்கரைப் பொங்கலையும் தயிர்சாதத்தையும் அது தொடவில்லை. புளிசாதம் மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டது.