தட்டணு வேடம்

வேடசந்தூரில் மில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கும்போதுதான் கருப்பணனின் போன் அடித்தது. பேசியது ரஃபியா, திண்டுக்கல்லில் இருக்கும் அவனுடைய பள்ளித் தோழன் அப்துல் கையூமின் மனைவி.

"அண்ணே, அவருக்கு டெங்கு. பிளேட்லெட் ரொம்ப இறங்கிப்போச்சு, மூக்குல ரத்தம் வருது. உங்களுக்கும் ஓ பாசிட்டிவ்தான்னு சொல்லி, உங்களைக் கூப்பிடச் சொன்னாரு."

"இந்தா கெளம்பி வாரேம்மா."

மருத்துவமனையில் பரிசோதனைகளை முடித்து அவனைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். கையிலிருந்து குழாய் வழியே போன ரத்தம் இயந்திரத்துக்குள் சுற்றியது.

"பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, சிவப்பணுவை உங்களுக்கே திருப்பி விட்டுரும்ணே. உதடு மதமதன்னு இருந்தா சொல்லுங்க" என்றாள் நர்ஸ் பவித்ரா.

மேலே தொங்கிய பையில் பிளேட்லெட் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்தது. கருப்பணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒம்பதாவது படிக்கையில இதுவா நடிச்சிருக்கேம்மா."

அறிவியல் கண்காட்சிக்காக ஜெசிந்தா டீச்சர் போட்ட நாடகம் அது. மைதானத்தில் சுண்ணாம்பால் இதயமும் நுரையீரலும் வரைந்து, நடுவே மஞ்சள் சேலைகளை விரித்தார். "இதுதான் பிளாஸ்மா. ரத்தத்துல பாதிக்கு மேல இந்தத் தண்ணிதான். சாப்பாட்டுச் சத்து, கழிவு எல்லாம் இதுலதான் போகும்" என்றார். சிவப்புச் சட்டைக்காரர்கள் நுரையீரலில் பலூன் வாங்கி உடம்பெங்கும் கொண்டுபோனார்கள், பலூன்தான் ஆக்சிஜன். அவர்களுக்குத் தலைவன் கையூம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கம்போடு கிருமிகளைத் துரத்தினார்கள். கருப்பணனைப் போன்ற நோஞ்சான்களுக்குத் தட்டணு, அதாவது பிளேட்லெட் வேடம். வசனம் கிடையாது, காயம் பட்டதும் ரத்தக்குழாய் ஓட்டையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு அதில் பெரிய மனக்குறை.

நாடகத்தன்று, படுத்துக் கிடந்த கருப்பணனின் கால் தடுக்கிக் கையூம் அவன்மேலேயே விழுந்தான். பலூன் வெடித்தது. பள்ளிக்கூடமே சிரித்தது. "பாத்தீங்களா, இப்படித்தான் சிவப்பணுவும் சிக்கி ரத்தம் உறையும்" என்று டீச்சர் மைக்கில் சமாளித்தார். பிறகு ரத்த வகை பார்க்கும் வரிசையில் அடுத்தடுத்து நின்றார்கள். இருவருக்கும் ஒரே வகை. அன்றிலிருந்து மதியச் சாப்பாடும் ஒன்றாகத்தான். பழனி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனது, கையூம் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சண்டை எதுவும் போட்டதில்லை. ஆனாலும் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

நாலாம் நாள் கருப்பணன் வார்டுக்குப் போனபோது கையூம் தலையணையில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். மூக்கில் ரத்தம் நின்றிருந்தது. தாடி நரைத்துப்போயிருந்தது.

"ஏலே, நீ ஏன்டா இப்படி வழுக்கையாகிட்ட?" என்றான் கையூம்.

"உனக்கு எப்படிடா இருக்கு?"

"பிளேட்லெட் கூடிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு, எனக்குக் காய்ச்சல் வந்தாத்தான் வருவியா?"

கருப்பணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் முழங்காலில் கை வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருங்கண்ணே" என்றாள் ரஃபியா.

ஞாயிறு கருப்பணனுக்குப் பகல் ஷிப்ட். வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக, மாற்று டிரைவர் சோலைமுத்துவுக்குப் போன் போட்டான்.