தூக்க முடியாத கை

கொம்பையா கோவில்பட்டியில் பரோட்டா மாஸ்டர். மதியம் மாவு பிசையத் தொடங்கினால் கடை அடைக்கும்வரை அவன் வலது கை ஓயாது. ஐப்பசியில் ஒரு காலை, மனைவி இசக்கிச்செல்வியை அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு பசுவந்தனையிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். முந்தைய நாள் மழையில் டிராக்டர்கள் கரிசல் சேற்றைத் தார்ச்சாலைக்கு இழுத்து வந்திருந்தன. வண்டி வழுக்கியது. வலது தோள் தரையில் மோத விழுந்தான். எழுந்து உட்கார்ந்தபோது கை சொன்னபேச்சைக் கேட்கவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் உமாதேவி எதையும் மறைக்கவில்லை.

"மேல்கை எலும்போட உருண்டை தோளுக்குள்ள இருக்கும் அண்ணாச்சி. அந்த இடம் நாலு துண்டா நொறுங்கிருக்கு. பிளேட் வச்சு ஸ்குரூ போட்டுச் சேத்துப் பாக்கலாம். ஆனா உருண்டைக்கு ரத்தம் போற வழி அறுந்திருந்தா, சேத்தாலும் அது செத்துப்போகும்."

"மாவு வீச முடியுமா டாக்டர்?"

"மொதல்ல எலும்பு சேரட்டும்."

ஆபரேஷன் முடிந்து, கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டியிருந்த துணித்தொட்டிலைக் கழற்றியதும் பயிற்சி தொடங்கியது. சுவரில் விரல்களை நண்டுபோல் மேலே ஏற்ற வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று இசக்கிச்செல்வி பக்கத்திலேயே நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுவான். தை மாதம் விரல்கள் முகவாய் உயரத்தைத் தொட்டன. கடை முதலாளி மாரிச்சாமிக்குப் போன் போட்டு, "பங்குனியில வந்துருவேன் அண்ணாச்சி" என்றான்.

அதற்குப் பிறகு கை இறங்கத் தொடங்கியது. தோளுக்குள் ஏதோ உரசியது. எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கமில்லை. புது எக்ஸ்ரேயில் உருண்டை சப்பிப்போயிருந்தது. ஸ்குரூ முனைகள் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"செத்துப்போச்சா?" என்று அவனே கேட்டான்.

"ஆமா அண்ணாச்சி. எல்லாத்தையும் எடுத்துட்டு செயற்கை மூட்டு வைக்கலாம். வலி குறையும். சாப்பிடலாம், சட்டை போடலாம். அந்தக் கையால மாவு பிசையவோ வீசவோ முடியாது."

"பெரிய ஊருக்குக் கொண்டு போனா?" என்றாள் இசக்கிச்செல்வி.

"அங்கயும் இதத்தான் செய்வாங்க அக்கா."

இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் கொம்பையா கடைக்குப் போனான். புது மாஸ்டர் விலகி இடம் விட்டான். கொம்பையா ஒரு மாவு உருண்டையைத் தட்டி எடுத்து வீசப் பார்த்தான். முழங்கை விலாவை விட்டு எழவில்லை. மாவு மேசையில் சுருண்டு விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏலே, நீ கல்லாவுல இருந்துக்கிடு" என்றார் மாரிச்சாமி.

"அங்கன உக்காந்து அடுத்தவன் கையப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா?"

மூட்டு மாற்றியபின் வலி போய்விட்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது. கொம்பையா கடைத்தெருப் பக்கமே போவதில்லை.

"வலிக்கும்போது, கை இன்னும் மல்லுக்கட்டுதுன்னு நெனச்சேன்ட்டி. இப்ப ஒண்ணுமே இல்ல" என்றான் ஒருநாள்.

 இசக்கிச்செல்வி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சோற்றை மூடிவைத்துவிட்டு, அவன் தெருவுக்கு இறங்கினாலும் இறங்கட்டும் என்று கதவைச் சாத்தாமல் போனாள்.