பைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

மரணம் ஒரு மனிதனை எல்லாப் பற்றுகளிலிருந்தும் விடுவித்துவிடுகிறது. அதிலும் சில மகான்கள் அது வருவதற்கு வெகுகாலம் முன்பே தாமாகவே விடுபட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடத்தில் சிவராமகிருஷ்ணன் இதை டெலிபோனில் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளறையில் அவர் மனைவி பிரியம்வதா, விடுபட்டுப்போன மாமனாரின் இடுப்பில் வேட்டியைச் சுற்றி அவசரம் அவசரமாகச் செருகிக்கொண்டிருந்தாள். எப்படிச் செருகினாலும் மெல்லிய மல் துணிக்கு அடியிலிருந்து கிளிப்பச்சை தெரிந்தது.

கிளிப்பச்சையில் மஞ்சள் அன்னாசிப்பழங்கள்.

இரண்டாவது காப்பிக்குக் கூப்பிடப் போனபோதுதான் பார்த்தாள். கோத்ரெஜ் அலமாரியின் கண்ணாடிக்கு எதிரே, கட்டிலில் குறுக்காகச் சாய்ந்து கிடந்தார் பட்டாபிராமன். நெற்றியில் விபூதி இருந்தது. மார்பில் பூணூல் இருந்தது. இடுப்பில் நைலான் நீச்சல் டிரவுசர் இருந்தது. வேறொன்றும் இல்லை. "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு போர்வையை எடுத்து அவரைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, அதற்கப்புறம் கத்தினாள். முதலில் கத்துவதுதானே வழக்கம்? வரிசை ஏன் மாறிப்போயிற்று என்று அவளுக்கே புரியவில்லை.

தெருக்கோடி டாக்டர் வந்து போர்வையை மார்புவரை மட்டும் இறக்கி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டு, "ஹார்ட்" என்றார். அதற்குக் கீழே பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் போனதும் சிவராமகிருஷ்ணன் டெலிபோனை எடுத்துக்கொண்டார்.

டிரவுசரைக் கழற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். இடுப்பில் அது தொளதொளவென்று கொசுவி, ஒரு பெரிய ஊக்கால் குத்தப்பட்டிருந்தது. பாவம், எப்படி இளைத்துப்போயிருக்கிறார் என்று தோன்றியது. ஊக்கு அவர் முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. ஆளைப் புரட்ட முடியவில்லை. சரி, வேட்டியையாவது கட்டிவிடலாம் என்று அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் குளிர்காலத்துக்கான ரஜாய்கள், கனத்த பஞ்சுப் போர்வைகள், எல்லாம் கலைந்து சரிந்து கிடந்தன. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கிருந்து வந்தது இந்த டிரவுசர்? அதுதான் விளங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த தீம் பார்க். அதாவது, பிரியம்வதாதான் காரணம். பூஜை லீவு விட்டால் வங்காளத்தில் இவர்கள் இருந்த பவானிபூரே டார்ஜிலிங்குக்கும் தீகா கடற்கரைக்கும் கிளம்பிவிடும். இந்தக் குடும்பம் மட்டும் கும்பகோணம் பக்கம் கோயில் கோயிலாகப் போகும். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். "மா, லீவுக்கு எங்க போனேன்னு ஸ்கூல்ல கேட்டா, போன வருஷம் கேது, அதுக்கு முந்தின வருஷம் சனின்னு சொல்றேன். எல்லாரும் சிரிக்கறா" என்று பத்தாவது படிக்கும் அக்ஷரா ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அழுதாள். அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு பிரியம்வதா ஆறு மாதம் போராடினாள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க். ராட்டினம், சறுக்கு, செயற்கை அலையடிக்கும் குளம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, சாமி இல்லாத ஓர் ஊர்.

சிவராமகிருஷ்ணன் வங்கியின் மண்டல அலுவலகத்தில் சீஃப் மானேஜர். எதையும் முறைப்படி செய்கிறவர். டி.வி.யில் ஸ்லைடு போட்டுக் குடும்பத்துக்கு விளக்கினார்: பயணத்தின் நோக்கம், எதிர்பார்க்கப்படும் பலன், இடர்ப்பாடுகள். முடிவில் எழுந்து நின்று, "நீயும் குழந்தையும் விளையாடுங்கோ. நானும் அப்பாவும் நிழல்ல உக்காந்து பைகளைப் பாத்துக்கறோம். ஒரு குடும்பத்துல ரெண்டு பேராவது பெரியவாளா இருக்கணும்" என்றார்.

டல்ஹௌஸியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கழுத்தில் டை கட்டியிருந்த பட்டாபிராமன் தலையை ஆட்டினார். "பைகளைப் பாத்துக்கறதுக்கு நான் வரேன். அவ்வளவுதான்."

தண்ணீரில் இறங்க நைலான் உடை கட்டாயம், பருத்தி கூடாது என்ற விதியை அக்ஷரா போனில் பார்த்து வாசித்தபோது, இருவரும் ஒரே குரலில் "சிவ சிவா" என்றார்கள்.

ஆனால் போன வாரம், அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பட்டாபிராமன் சமையலறை வாசலில் வந்து நின்றார். நின்றபடியே அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "அந்த அலைக் குளம்... எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"இடுப்பளவுதான்பா. உள்ள போனா கழுத்து வரைக்கும்."

"குழந்தைக்காகக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவர் கூடத்தில், தெற்கே தலை வைத்துத் தரையில் படுத்திருந்தார். கீழ்வீட்டு வங்காளி அண்ணன் பிஸ்வாஸ் தாவும் சிவராமகிருஷ்ணனும் போர்வையோடு சேர்த்துத் தூக்கிவந்து கிடத்தினார்கள். பிரியம்வதா போர்வையின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள். பிஸ்வாஸ் தாவின் மனைவி ரஜனிகந்தாவை, நம்மூர்ச் சம்பங்கியை, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். சந்துமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டியிருந்ததால் வண்டி உள்ளே வராது. அதைப் பற்றி பிஸ்வாஸ் தா பந்தல்காரர்களோடு ஜன்னல் வழியாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வருகிறவர்களுக்கெல்லாம் சிவராமகிருஷ்ணன் வாசலில் நின்று சொன்னார்: "காலம்பற சந்தியாவந்தனம் பண்ணினார். அலமாரில சுவாமி படம் இருக்கு. அதுக்கு எதிரத்தான் நின்னுண்டிருந்திருக்கார். அப்படியே போயிட்டார். எந்த ஆசையும் கிடையாது அவருக்கு. எதுவுமே வேண்டாம்னுட்டார்."

அலமாரியில் இருந்தது கண்ணாடி. சுவாமி படம் பக்கத்துச் சுவரில் இருந்தது. பிரியம்வதா திருத்தவில்லை.

குளிப்பாட்ட ஆண்கள் வருவதற்குள் எப்படியாவது அதைக் கழற்றிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் தலையில் ஓடியது. ஆயுசு பூராவும் சட்டையின் மேல்பொத்தானைக்கூடத் திறந்து விடாத மனுஷர். ஊரார் முன்னால் அன்னாசிப்பழத்தோடு போகக்கூடாது. கூடத்தில் ஒரு நிமிஷம் ஆள் ஒழிந்தால் போதும். ஒழிந்தது. அவள் குனிந்து போர்வைக்குள் கையை விட்ட அந்த நொடியில் டாக்குரியாவிலிருந்து சகுந்தலா அத்தை வந்து சேர்ந்தாள்.

"அண்ணா!" என்று அலறிக்கொண்டு வந்து பட்டாபிராமனின் தங்கை சரியாக இடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "என்னடி தேடறே?"

"ஒண்ணுமில்லை அத்தே. வேட்டி விலகியிருக்கான்னு..."

"நான் பாத்துக்கறேன். நீ போய் வேலையைப் பாரு."

அதற்கப்புறம் அத்தையை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. காப்பி வேண்டுமா என்றாள் பிரியம்வதா. சாவு வீட்டில் என்னடி காப்பி என்றாள் அத்தை. முகம் கழுவிக்கொள்ளுங்கோ என்றாள். எதுக்கு என்றாள் அத்தை.

பிரியம்வதா அக்ஷராவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். பெண்ணின் கண் சிவந்திருந்தது. "நெஜமாச் சொல்லு. தாத்தாவுக்கு நீ ஏதாவது ஆர்டர் பண்ணிக் குடுத்தியா?"

"என்ன ஆர்டர்?"

"தண்ணில போட்டுக்கற டிரவுசர்."

அக்ஷரா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். "தாத்தாவா? ப்ராமிஸ் மா, நான் இல்லை. உனக்கும் எனக்கும்தான் வாங்கினேன். தாத்தாவுக்கு போன்ல நம்பர் போடறதே வராதே!" பிறகு மெதுவாக, "மா... நாம போக மாட்டோமா இப்போ?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே மறுபடி அழுதாள்.

பிரியம்வதாவுக்கும் அழுகை வந்தது. அது மாமனாருக்கா, அலைக் குளத்துக்கா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்திருந்தால் அந்த மனுஷர் காலங்கார்த்தாலே கண்ணாடி முன்னால் நின்றிருக்க மாட்டார். நின்றவருக்குச் சந்தோஷமாக இருந்ததா, வெட்கமாக இருந்ததா? எதில் நின்றது அந்த இதயம்?

வெங்கடநாராயண வாத்தியார் லேக் மார்க்கெட்டிலிருந்து மூச்சிரைக்க வந்து தர்ப்பையைப் பிரித்தார். சிவராமகிருஷ்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"வாத்தியார், ஒரு சந்தேகம். பொதுவாக் கேக்கறேன். வருஷம் முடியற வரைக்கும், காரியம் பண்ற கர்த்தா என்னென்ன பண்ணப்படாது?"

"மலை ஏறப்படாது. சமுத்திர ஸ்நானம் கூடாது."

"சமுத்திரம்னா... இப்போ செயற்கையா ஒரு குளம் இருக்குன்னு வச்சுக்கோங்கோ."

"அலை அடிக்குமோ?"

"மோட்டார் வச்சு அடிக்கும்."

"உப்பு ஜலமா?"

"குளோரின்."

வாத்தியார் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். "யாருக்கு?"

"குழந்தைக்காகக் கேட்டேன்" என்றார் சிவராமகிருஷ்ணன்.

குழந்தை எப்படிக் கர்த்தாவாகும் என்று வாத்தியார் கேட்கவில்லை. பிரியம்வதாவின் காதில் இதெல்லாம் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவள் கண் போர்வையிலேயே இருந்தது.

பிறகு நேரமாகிவிட்டது என்றார்கள். பெண்களை உள்ளே போகச் சொன்னார்கள். வாத்தியாரும் சிவராமகிருஷ்ணனும் பிஸ்வாஸ் தாவுமாகத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். கணவனிடம் சொல்லிவிடலாம் என்று அவள் ஓடினாள். "ஏன்னா, ஒரு நிமிஷம்..." அவர் கையை உயர்த்தினார். மண்டல அலுவலகத்தில் கேள்வி கேட்கிறவர்களை நோக்கி உயர்த்துகிற அதே கை. "இப்போ இல்லை பிரியா. இது என் அப்பா."

கதவு சாத்திக்கொண்டது. இந்தப் பக்கம் பிரியம்வதாவும் அத்தையும் நின்றார்கள். அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுந்தது. மந்திரம் கேட்டது. பிறகு மந்திரம் நின்றது. தண்ணீரும் நின்றது.



"இது என்னது?" என்றார் வாத்தியார்.

பிஸ்வாஸ் தா வங்காள மொழியில் ஏதோ மெல்ல முனகினார்.

"அது... மெடிக்கல்" என்றது சிவராமகிருஷ்ணனின் குரல். "ஹெர்னியாவுக்கு."

"அன்னாசிப்பழம் போட்டிருக்கே?"

"இம்போர்ட்டட்."

சற்றுப் பொறுத்துத் தண்ணீர் மறுபடியும் விழ ஆரம்பித்தது.

"அண்ணாவுக்கு ஹெர்னியாவா!" என்று அத்தை கதவில் சாய்ந்து புதிதாக ஒரு பாட்டம் அழுதாள். "என்னண்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி ஒருத்தரும்!"

பிரியம்வதா அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காலையிலிருந்து முழுசாக வராமல் முரண்டு பிடித்த அழுகை இப்போது தடையில்லாமல் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அப்பாவுக்காக, அதுவும் வாத்தியாரிடம், ஒரு நொடியில் சொல்லிவிட்டார். அவரை நாம் சரியாகவே புரிந்துகொள்ளவில்லையோ என்று நினைத்தாள்.

கதவு திறந்தபோது பட்டாபிராமன் புது வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, பைகளைப் பார்த்துக்கொள்கிறவரைப் போலவே இருந்தார். "உடம்புல இருந்ததையெல்லாம் எடுத்து எறிஞ்சுடுங்கோ. ஆத்துல வச்சுக்கப்படாது" என்றார் வாத்தியார். ஆகட்டும் என்றார் சிவராமகிருஷ்ணன். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பந்தல்காரர்கள் கடைசியில் நான்கு மூங்கிலை அவிழ்த்து வழிவிட்டார்கள். காளிகாட் பக்கம் கேவ்ராதலா மயானத்துக்கு வண்டி போயிற்று. அத்தை கூடத்தைக் கழுவிவிட்டாள். அக்ஷரா தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை மார்பில் வைத்துக்கொண்டு, தூங்காமல் படுத்திருந்தாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் ஆண்கள் திரும்பிவிட்டார்கள். சிவராமகிருஷ்ணன் ஈர வேட்டியோடு நேராகக் குளியலறைக்குப் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்து, கூடத்து மூலையில் எரிந்த விளக்குக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். பிரியம்வதா குளிக்கப் போனாள்.

சாத்தப் போன கதவுக்குப் பின்னால் ஆணியில் டிரவுசர் தொங்கிக்கொண்டிருந்தது. ஊக்கு சோப்புப் பெட்டியில் இருந்தது.

எறியவில்லை. அப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொண்டிருக்கிறார். சாஸ்திரத்துக்கு இவ்வளவு பயப்படுகிறவர், வாத்தியார் சொல்லியும் எறிய மனசு வராமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நாமே எங்காவது பத்திரமாக வைப்போம் என்று கையில் எடுத்தாள். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு தைத்திருந்தது. அளவு எக்ஸ்-எல் என்று போட்டிருந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனாருக்குத் துணி எடுக்கிறவள் அவள். கடையில் இருப்பதிலேயே சின்ன அளவுதான் எடுப்பாள். அது அவர் இடுப்பில் நிற்கும், ஊக்கெல்லாம் வேண்டியிருந்ததில்லை.

திரும்பிப் பார்த்தாள். சிவராமகிருஷ்ணன் குளியலறை வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார்.

"அப்பா ரூம்ல, ரஜாய்க்குப் பின்னாலதான் வச்சிருந்தேன்" என்றார். "அங்க யாரும் பாக்க மாட்டான்னு."

கூடத்தில் அத்தை யாருக்கோ போனில், பற்றே இல்லாத மனுஷர், ஹெர்னியாவைக்கூட வெளியே சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுக்கலை" என்றார் சிவராமகிருஷ்ணன்.

டிரவுசரிலிருந்து லைஃப்பாய் வாசனை வந்தது. அதை அவர் சோப்புப் போட்டுத் துவைத்திருந்தார்.